நாய்க்கு வீட்டுச் சமையலா, டிரை ஃபுட்டா? தராசு இல்லாமல் முடிவு செய்ய வேண்டாம்

ஜனவரி 9, வாசகர் கேள்வி

எங்கள் குட்டிக்கு நான்கு மாதம். பாக்கெட்டைப் பிரித்து அந்தக் காய்ந்த உருண்டைகளைக் கொட்ட மனசே வரவில்லை. கோழி, சோறு, கேரட் மூன்றையும் உப்பில்லாமல் வேகவைத்துப் பிசைந்து கொடுக்கிறோம். தட்டை நக்கியே சுத்தம் செய்துவிடுகிறது. ரோமமும் பளபளவென்று இருக்கிறது. டாக்டர் மட்டும் டிரை ஃபுட்டுக்கு மாற்றுங்கள் என்கிறார். அன்றாடம் புதிதாகச் சமைப்பதைவிடப் பாக்கெட் எப்படி மேலாகும்?

ஜனவரி 9, இரவு

அந்த மூன்று பொருள் மட்டும்தானா? கால்சியம் எதுவும் சேர்க்கவில்லையா? இல்லை என்றால் இந்த வாரமே மாற்றுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

இவ்வளவு அவசரப்படக் காரணம் என் நாய் மணி. இப்போது அவனுக்கு ஒன்பது வயது. குட்டியாக வந்தபோது நானும் இதையேதான் கொடுத்தேன். இணையத்தில் கிடைத்த ஒரு குறிப்பு, அதே கோழி, அதே சோறு, அதே கேரட். அவனும் தட்டை நக்கினான். அவன் ரோமமும் மின்னியது. நாலரை மாதத்தில் ஒரு நாள் வாசல் படியில் நின்றுகொண்டு கீழே இறங்காமல் என்னையே பார்த்தான். ஒரே ஒரு படி. முந்தின வாரம் வரை தாவிக் குதித்த படி. விளையாடுகிறான் என்று நினைத்துத் தூக்கினேன், வீறிட்டான். மறுநாள் பின்னங்கால் ஒன்றைத் தரையில் வைக்கவில்லை.

எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும். மணியின் எலும்பு சுற்றியிருந்த சதையின் நிறத்திலேயே இருந்தது, ஓரத்தில் மட்டும் பென்சிலால் கோடு போட்டது மாதிரி. தொடை எலும்பு ஓரிடத்தில் காகிதம் மடிந்ததுபோல் மடிந்திருந்தது. விழவில்லை, அடிபடவில்லை. "என்ன சாப்பிடுகிறான்?" என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன். நீங்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

ஜனவரி 10

கணக்கை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பயமுறுத்துவதாகப் போய்விடும்.

வேகவைத்த கோழி 200 கிராம், சோறு 250 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 650 கலோரி. இதில் பாஸ்பரஸ் சுமார் 550 மில்லிகிராம். கால்சியம் 50, 60 மில்லிகிராம்தான். அதாவது ஒன்றுக்குப் பத்து. நாய்க்கு இது தலைகீழாக இருக்க வேண்டும்: கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, அதிகபட்சம் இரண்டு மடங்காகவோ. வளரும் குட்டிக்கு ஆயிரம் கலோரிக்கு 3 கிராம் கால்சியம் தேவை என்கிறது அமெரிக்கத் தீவன அலுவலர்கள் சங்கமான ஆஃப்கோவின் அளவுகோல். மேலே சொன்ன தட்டில் ஆயிரம் கலோரிக்கு நூறு மில்லிகிராம்கூடத் தேறாது.

உணவில் வராததை உடம்பு எலும்பிலிருந்து எடுக்கிறது. ரத்தத்தில் கால்சியம் குறையக் கூடாது, குறைந்தால் இதயமும் தசையும் தடுமாறும். அதனால் கழுத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து ரத்தத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ரத்தப் பரிசோதனை அதனால் நன்றாகவே வரலாம். மணிக்கு அப்படித்தான் வந்தது. "எல்லாம் நார்மல்" என்ற அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

ரோமம் மின்னுவதைப் பற்றி: நல்ல புரதமும் கொழுப்பும் போனால் சில வாரங்களில் ரோமம் மின்னும். எலும்பு உள்ளே காலியாவது வெளியே தெரியாது. இரண்டும் ஒரே குட்டியில், ஒரே சமயத்தில் நடக்கும்.

ஜனவரி 10, மாலை

அவசரத்தில் விட்டுப்போனது. இதைப் படித்துவிட்டு யாரும் கால்சியம் மாத்திரை வாங்கிக் குட்டிக்குப் போட்டுவிடாதீர்கள். குட்டிகளின் குடலுக்கு அதிகமான கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது, வந்ததெல்லாம் உள்ளே போகும். பெரிய இனக் குட்டிகளுக்கு அது மூட்டையும் எலும்பையும் வேறு விதமாகக் கெடுக்கும். குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. ஏற்கெனவே முழுமையான டிரை ஃபுட் சாப்பிடும் குட்டிக்கு மேலே கால்சியம் தேவையே இல்லை.

ஜனவரி 14

"முன்பெல்லாம் நாய்கள் மீந்ததைத் தின்று நன்றாகத்தானே இருந்தன" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான், ஏனென்றால் நானும் அதையேதான் டாக்டரிடம் கேட்டேன்.

அந்த நாய்கள் வெளியே சுற்றின. எலி, எலும்பு, குப்பை, செத்த பறவை என்று நாம் பார்க்காத பலதும் வயிற்றுக்குப் போயின. வீட்டுக்குள் இருக்கும் நாய்க்கு நம் கை கொடுப்பது மட்டும்தான் உலகம். இன்னொன்று, அந்தக் குட்டிகளில் எத்தனை பிழைத்தன என்று யார் எண்ணினார்கள்? பிழைத்தவைதானே நம் நினைவில் இருக்கின்றன.

எதிர்ப்பக்கத்தில் "நாய் என்றால் ஓநாய், சோறே ஆகாது" என்று இன்னொருவர். அதுவும் சரியில்லை. 2013இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு நாயையும் ஓநாயையும் மரபணு அளவில் ஒப்பிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸைத் தரும் மரபணு ஓநாயிடம் 2 நகல்கள்தான். நாய்களிடம் 4 முதல் 30 வரை இருந்தது. மனிதனோடு ஒட்டி வாழ்ந்ததில் நாயின் வயிறும் மாறியிருக்கிறது. நன்றாக வெந்த சோறும் கிழங்கும் அதற்குச் செரிக்கும். சோறு இங்கே குற்றவாளி இல்லை. சோறும் கோழியும் மட்டுமே உணவு என்று நிறுத்திக்கொள்வதுதான் குற்றம்.

ஜனவரி 15

ஒரு வரி: பூனைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. டாரின் என்ற சத்தைப் பெரும்பாலான நாய்களின் உடம்பு தானே செய்துகொள்ளும், பூனைக்கு உணவிலேயே வந்தாக வேண்டும். நாய்த் தட்டைப் பூனைக்கு நகர்த்தாதீர்கள்.

ஜனவரி 22

என்னைப் பாக்கெட் கட்சி என்று எழுதிவிட்டார்கள். இல்லை. பாக்கெட்டைச் சந்தேகப்படக் காரணங்கள் உண்டு, அதையும் எழுதுகிறேன்.

2007இல் வட அமெரிக்காவில் நாய், பூனை உணவுகள் பெரிய அளவில் திரும்பப் பெறப்பட்டன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில், புரத அளவு அதிகமாகக் காட்டுவதற்காக மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். அது சயனூரிக் அமிலம் என்ற இன்னொரு ரசாயனத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்தது. ஏராளமான நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. அவற்றை வளர்த்தவர்கள் எல்லாம் பாக்கெட்டை நம்பியவர்கள்.

அப்புறம் 2018. தானியம் இல்லாமல், பட்டாணி, பருப்பு வகைகளை அதிகம் போட்ட உணவுகளைத் தின்ற நாய்களுக்கு இதயத் தசை தளரும் நோய் வருகிறதா என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் விசாரிக்கத் தொடங்கியது. நிறைய புகார்கள் வந்தன. உணவுதான் காரணம் என்று அது தீர்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் "தானியமே இல்லை" என்று பெருமையாக அச்சடித்த பையைப் பார்த்து மயங்காமல் இருக்க இது போதும்.

சரி, இவ்வளவு தெரிந்தும் குட்டிக்கு ஏன் டிரை ஃபுட் சொல்கிறேன்? நல்ல டிரை ஃபுட்டில் துத்தநாகம், செம்பு, அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ என்று நாம் நினைத்தும் பார்க்காத சத்துகளை யாரோ ஒருவர் அளந்து போட்டிருக்கிறார். என் சமையலறையில் மணிக்கு அளந்து போட அன்று ஆள் இல்லை.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவத் துறையினர் 2013இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்து 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்து, சத்து ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டார்கள். 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஒரு அவசியச் சத்தாவது குறைந்தது. ஆஃப்கோவின் குறைந்தபட்ச அளவை எல்லாச் சத்திலும் தொட்டவை வெறும் 9. அந்த 9இல் 8 கால்நடை மருத்துவர்கள் எழுதியவை. நான் பின்பற்றிய குறிப்பை எழுதியவர் அன்பாகத்தான் எழுதியிருந்தார். தன் நாயை எவ்வளவு நேசிக்கிறார் என்று ஒரு பத்தி முழுக்க இருந்தது.

பிப்ரவரி 3

லேபிள் படிப்பது பற்றிக் கேட்டவருக்கு.

முதலில் தேடுங்கள்: "முழுமையான, சமச்சீர் உணவு" என்ற வாசகம், எந்தப் பருவத்துக்கு என்பதோடு. வளரும் குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா, எல்லாப் பருவத்துக்குமா? "இடையிடையே தர" என்றோ "துணை உணவு" என்றோ இருந்தால் அது முழு உணவு இல்லை. பையின் முன்பக்கப் படத்தைவிட இந்த ஒரு வரி முக்கியம்.

பொருள்களின் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். அது சமைப்பதற்கு முன்னால் இருந்த எடை. பச்சைக் கோழியில் முக்கால் பங்கு தண்ணீர், அதனால் அது முதலிடத்தில் வந்து நிற்கும். தண்ணீர் வற்றிய பிறகு அது எத்தனையாவது இடத்தில் இருக்கும் என்று பட்டியல் சொல்லாது.

புரதச் சதவீதத்தையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. டிரை ஃபுட்டில் ஈரம் 10 சதவீதம், டின் உணவில் சுமார் 78. டிரை ஃபுட்டில் புரதம் 26 என்றால் தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்க்கும்போது 29 வரும். டின்னில் 8 என்று போட்டிருந்தால் கழித்துப் பார்த்தால் 36. எட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், இருபத்தாறைப் பார்த்தும் ஏமாறாதீர்கள்.

பிப்ரவரி 4

நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்து உணவைச் சோதித்ததாகப் பையில் போட்டிருந்தால் என்ன அர்த்தம் என்கிறார் ஒருவர். வளர்ந்த நாய்க்கான ஆஃப்கோ சோதனை என்றால் குறைந்தது 8 நாய்கள், 26 வாரம், அதில் 6 நாய்களாவது முடிவு வரை இருக்க வேண்டும். ஒன்றுமில்லாததற்கு இது மேல். ஆனால் அரை வருடத்தில் தெரியாத குறைகளும் உண்டு. இரண்டையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 19

"அப்படியானால் மணிக்கு இன்னும் டிரை ஃபுட்தானா?" என்று கேட்டதற்குப் பதில்.

குட்டிக்கால எலும்பு முறிவுக்குப் பிறகு ஆறு வாரம் கூண்டில் ஓய்வு, குட்டிகளுக்கான முழுமையான டிரை ஃபுட் மட்டும். வேறு மருந்து என்று வலிக்குத்தான் கொடுத்தார்கள். அடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாக எழும்பியிருந்தது. கண்ணை நம்ப முடியவில்லை. எட்டு மாதத்தில் அதே படியில் மறுபடி தாவிக் குதித்தான். கால் லேசாக வளைந்தே நிற்கும், அது மட்டும் சரியாகவில்லை. இன்றைக்கும் அவன் எனக்கு முன்னால் நடக்கும்போது அந்தக் காலைத்தான் பார்ப்பேன்.

ஏழு வயதில் வயிறு அடிக்கடி கெட்டது. மூன்று பிராண்ட் மாற்றினோம், நிற்கவில்லை. எங்கள் டாக்டர் கால்நடை ஊட்டச்சத்து நிபுணர் ஒருவரிடம் அனுப்பினார். அவர் மணியின் எடை, வயது, ரத்தப் பரிசோதனை, மலம் எல்லாவற்றையும் வைத்து ஒரு சமையல் எழுதிக் கொடுத்தார். கோழித்தொடை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, முட்டை, சூரியகாந்தி எண்ணெய், மீன் எண்ணெய், அப்புறம் ஒரு வைட்டமின்-தாது உப்புப் பொடி. கடைசிப் பொருளைத் தசம கிராமில் நிறுத்துப் போட வேண்டும். அதற்காகவே நகைக்கடைத் தராசு மாதிரி சின்னதாக ஒன்று வாங்கினேன். இரண்டு வருடமாக வயிறு நன்றாக இருக்கிறது. ஆகவே வீட்டுச் சமையல் ஆகாது என்று நான் சொல்லவே இல்லை. என் வீட்டில் அதுதான் காப்பாற்றியது.

அளவுகளை எழுதச் சொல்லாதீர்கள். அவை 14 கிலோ எடையுள்ள ஒரே ஒரு நாய்க்கானவை.

பிப்ரவரி 20

நேற்று எழுதியதில் ஒன்றை மறைத்தது மாதிரி உறுத்துகிறது. "இரண்டு வருடமாக வயிறு நன்றாக இருக்கிறது" என்பது உண்மை. நடுவில் ஐந்து மாதம் வேறு ஒன்று நடந்தது.

சூரியகாந்தி எண்ணெய் தீர்ந்த அன்று ஆலிவ் எண்ணெய் ஊற்றினேன். நல்ல எண்ணெய்தானே, இதயத்துக்கு நல்லது என்று. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. மணி கிழங்கை ஒதுக்கினான், பாவம் என்று கிழங்கைக் குறைத்துக் கோழியைக் கூட்டினேன். பொடியின் வாசனைக்கு முகம் சுளித்தான், அரைவாசி போட்டேன். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம். ஒவ்வொன்றையும் அவன் மேலுள்ள பாசத்தில்தான் செய்தேன்.

மூன்றாவது மாதம் அவனைத் தடவினால் கையில் பொடுகு மாதிரி வெள்ளைத் துகள் ஒட்டியது. அவன் கறுப்பு நாய், முதுகில் சுண்ணாம்பு தூவியதுபோல் தெரிந்தது. ஷாம்புவை மாற்றினேன். ஐந்தாவது மாதம் மூக்கின் மேலும் முழங்கை ஓரத்திலும் தோல் தடித்தது. நிபுணர் கேட்ட முதல் கேள்வி, "நான் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துச் சமைக்கிறீர்களா, ஞாபகத்தில் சமைக்கிறீர்களா?"

லினோலியிக் அமிலம் என்ற கொழுப்பு நாய்த் தோலுக்கு அவசியம். வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் அது பாதிக்கு மேல், ஆலிவில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். அரைப் பொடி என்றால் துத்தநாகமும் பாதி. வளர்ந்த நாய்க்கு ஆயிரம் கலோரிக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம் வேண்டும். வெறும் கோழியும் சோறும் அதில் கால் பங்கைத்தான் தரும், அந்தக் குறையை நிரப்பத்தான் பொடியே. இரண்டும் சேர்ந்து தோலில் வந்து நின்றன. தாளில் உள்ளபடியே திரும்பியதும் இரண்டு மாதத்தில் தோல் ஆறிவிட்டது.

வீட்டுச் சமையல் கொடுப்பவர்களில் பலரும் நாளாக நாளாகக் குறிப்பிலிருந்து நழுவுகிறார்கள் என்று அந்த நிபுணர் சொன்னார். தாளை இப்போது அடுப்புக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். எண்ணெய் தீர்ந்தால் அன்று சமைப்பதில்லை, கையிருப்பில் உள்ள டிரை ஃபுட்தான்.

மார்ச் 2

கால்சியத்துக்கு முட்டை ஓட்டைத் தூளாக்கிப் போடலாமா என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். "ஒரு டீஸ்பூன் தூளில் 2 கிராம் கால்சியம்" என்று முன்பு வேறோர் இடத்தில் எழுதியிருந்தேன். அதைத் திருத்த வேண்டும்.

இன்று காலை நிறுத்துப் பார்த்தேன். ஓட்டைக் கழுவி, அடுப்பில் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்தது ஒரு மட்டமான டீஸ்பூன்: 5.6 கிராம். கொரகொரப்பாக அரைத்தது அதே ஸ்பூனில்: 4.1. கோபுரமாக அள்ளினால் 8. ஓட்டில் சுமார் 38 சதவீதம் கால்சியம் என்று வைத்தால் 1.6 கிராமிலிருந்து 3 கிராம் வரை போகிறது. ஒரே ஸ்பூன், ஒரே கை. ஆகவே ஸ்பூன் கணக்கு வேண்டாம், கிராமில் பேசுவோம்.

இன்னொரு திருத்தம். முட்டை ஓட்டில் பாஸ்பரஸ் கிடையாது என்றே சொல்லலாம். வளர்ந்த நாய்க்கு இறைச்சியிலிருந்து பாஸ்பரஸ் வந்துவிடும், ஓடு போதுமானதாக இருக்கலாம். வளரும் குட்டிக்கு இரண்டுமே நிறைய வேண்டும், அதனால் ஓட்டை மட்டும் தூவிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. துத்தநாகத்துக்கும் வைட்டமின் டிக்கும் ஓடு எதுவும் செய்யாது. நாய் வெயிலில் படுத்தாலும் அதன் தோல் போதுமான வைட்டமின் டி செய்யாது, உணவில்தான் வர வேண்டும். இதை நம்ப எனக்கே நாளானது, மணி மணிக்கணக்காக வெயிலில் கிடப்பவன்.

மார்ச் 3

ஈரலை அள்ளிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதியவருக்கு: ஈரல் நல்லது, அளவோடு. தினமும் நிறைய போனால் வைட்டமின் ஏ உடம்பில் தேங்கி எலும்பைக் கெடுக்கும். இது தண்ணீரோடு வெளியேறும் வைட்டமின் இல்லை.

ஏப்ரல் 11

எல்லோரும் என்ன கொடுப்பது என்றே பேசுகிறோம். எவ்வளவு கொடுப்பது என்று யாரும் கேட்கவில்லை.

எடையைக் கிலோவில் எடுத்து 30ஆல் பெருக்கி 70 கூட்டினால் சும்மா இருக்கும்போது நாய்க்குத் தேவையான கலோரி தோராயமாக வரும். குடும்பக்கட்டுப்பாடு செய்த வளர்ந்த நாய்க்கு அதை 1.6ஆல் பெருக்க வேண்டும். மணிக்கு 780 சொச்சம். இது தொடக்கம்தான், அப்புறம் நாயைப் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். கையை மூடிப் புறங்கையின் முட்டிகளைத் தடவுவது மாதிரி துருத்தினால் மெலிவு. விரித்த கையின் புறங்கையைத் தடவுவது மாதிரி, மெல்லிய உறைக்குக் கீழே எலும்பு தட்டுப்பட்டால் சரி. உள்ளங்கையைத் தடவுவது மாதிரி எலும்பே தெரியவில்லை என்றால் குண்டு.

48 லாப்ரடார்களை வைத்து வாழ்நாள் முழுக்க நடந்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. ஒரே உணவு. நாய்களை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மட்டும் மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகக் கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை நடுமட்டக் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு வருடம் அதிகம் வாழ்ந்தன, மூட்டுவலியும் தள்ளி வந்தது. இந்த விவாதத்தில் எந்தப் பக்கம் இருந்தாலும் இரண்டு வருடம் சும்மா கிடைக்கிறது. பாக்கெட்டின் பின்னால் உள்ள அட்டவணை பல நாய்களுக்கு அதிகமாகவே இருக்கும். கொறிக்கத் தருவதெல்லாம் சேர்த்து மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதைத் தாண்டினால் எவ்வளவு சமச்சீரான உணவும் சமநிலை இழக்கும்.

ஏப்ரல் 12

டிரை ஃபுட் கடித்தால் பல் சுத்தமாகும் என்பது பெரும்பாலும் நம்பிக்கைதான். பல்லுக்காகவே பெரிதாகவும் நார் போலவும் செய்த சில வகைகளைத் தவிர, சாதாரண உருண்டை பல் முனையில் நொறுங்கிவிடும், ஈறு ஓரத்துக்குப் போகாது. பிரஷ் போடுங்கள். நாய்க்கான பேஸ்ட் மட்டும்.

மே 6

வீட்டுச் சமையலுக்கு மாறியதும் நாய் தண்ணீர் குடிப்பதில்லை என்று பயந்து ஒருவர் எழுதியிருக்கிறார். வெந்த சோற்றிலும் கோழியிலும் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அதனால் கிண்ணத்தில் குறைவாகக் குடிக்கும், அது இயல்பு. தலைகீழாக, திடீரென்று அதிகம் குடித்தால்தான் டாக்டரிடம் போக வேண்டும்.

வெங்காயம், பூண்டு இரண்டும் வேண்டாம், வெந்திருந்தாலும், பொடியாக இருந்தாலும், குழம்பிலிருந்து எடுத்த கறியானாலும். ரத்தச் சிவப்பணுவை உடைக்கும், ரத்தசோகை சில நாள் கழித்துத்தான் தெரியும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி போட்ட எதுவும் வேண்டாம். வெந்த எலும்பு ஊசியாகச் சிதறிக் குடலைக் கிழிக்கும். பச்சை இறைச்சி பற்றிக் கேட்டவருக்கு: அதிலிருக்கக்கூடிய சால்மொனெல்லா கிருமி நாயை ஒன்றும் செய்யாமல்கூட இருக்கலாம், அதே தட்டைத் தொடும் குழந்தையை விடாது. என் வீட்டில் எல்லாமே வேகும்.

ஜூன் 17

ஜனவரியில் கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். எக்ஸ்ரே எடுத்தார்களாம், எலும்பு லேசாக மெலிந்திருந்ததாம், முறிவு இல்லை. குட்டிகளுக்கான டிரை ஃபுட்டுக்கு மாற்றிவிட்டார்கள். படித்துவிட்டு எழுந்து போய் மணியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவருடைய இப்போதைய கேள்வி: குட்டி உருண்டையை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது, என்ன செய்வது?

ஒரேயடியாக மாற்றியிருப்பீர்கள். ஏழிலிருந்து பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய உணவில் கால் பங்கைக் கழித்துப் புதியதைச் சேர்ப்பது, மலம் கெட்டியாக இருந்தால் மேலே போவது. வெதுவெதுப்பான நீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் வாசனை எழும். தட்டைக் கால் மணி நேரம் வைத்துவிட்டு எடுத்துவிடலாம், அடுத்த வேளைக்கு மறுபடி வைக்கலாம். ஆனால் குட்டி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். ரொம்பச் சின்னக் குட்டியானால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மணியின் தந்திரத்தையும் சொல்கிறேன். கிழங்குத் துண்டுகளை ஒவ்வொன்றாக நாக்கால் வெளியே எடுத்துத் தட்டைச் சுற்றி வட்டமாக வைப்பான். ஒன்றுகூடக் கடிபட்டிருக்காது. இப்போது கிழங்கைத் துண்டாகப் போடுவதில்லை, கோழி வெந்த நீரில் மசித்துவிடுகிறேன். இரண்டு நாள் தட்டுக்குள் தேடிப் பார்த்தான், பிறகு சாப்பிட்டுவிட்டான்.

ஜூன் 18

பையைப் பற்றி ஒன்று. டிரை ஃபுட்டை டப்பாவில் கொட்டி வைத்துப் பழசின் மேலேயே புதுசைக் கொட்டாதீர்கள். அடியில் தங்கிய கொழுப்பு கெட்டு, புதியதையும் கெடுக்கும். பையோடு டப்பாவுக்குள் வையுங்கள், பையில்தான் தொகுதி எண்ணும் தேதியும் இருக்கும். திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் அந்த எண்தான் கேட்பார்கள். திறந்த பையை ஆறு வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

ஆகஸ்ட் 2

அவருடைய குட்டி பதினோராவது மாதத்தில் ஓடுகிறது. வளர்ச்சி முடிந்ததும் வீட்டுச் சமையலுக்கு வரலாமா என்று கேட்கிறார். தாராளமாக வரலாம். ஊட்டச்சத்து நிபுணர் எழுதிய தாள், ஒரு தராசு, எண்ணெய் தீர்ந்த நாளுக்கு ஒரு பாக்கெட், இந்த மூன்றும் வீட்டில் இருக்கும்போது. பாதிக்குப் பாதி வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் அந்தப் பாதிச் சமையலும் சமச்சீராக இருக்க வேண்டும். டிரை ஃபுட் பாதி இருக்கிறதே என்று மீதிப் பாதியில் வெறும் கோழியும் சோறும் போட்டால் குறை பாதியாகத்தான் குறையும், போகாது.

குட்டியின் எலும்புப் படம் இரண்டையும் அனுப்பியிருக்கிறார், ஜனவரியில் எடுத்ததும் போன வாரம் எடுத்ததும். இரண்டாவதில் தொடை எலும்பு நல்ல வெள்ளையாக, நேராக இருக்கிறது.